இரண்டாம் பக்கம் முடியும்வரை

இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு,

பாட்டை நான் எப்போதும் சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் கேட்பேன். ராயபுரத்துக்குக் குடிவந்த நாள்முதல் அக்கம்பக்கத்தார் ஒருவரும் என்மேல் குறை சொன்னதில்லை.

உப்பு மண்டியில் கடிதப் போக்குவரத்து பார்க்கும் வேதமாணிக்கமாகிய எனக்கு இங்கிலீஷ் இசைத்தட்டுகளோடு என்ன சகவாசம் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. தட்டுகளைக் கப்பல்காரர்களிடம் வாங்கிவருவது துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஹென்றி. ரெக்கார்ட் பிளேயர் என்னுடையது. ஞாயிறு பூசை முடிந்ததும் என் மாடி அறைக்கு வந்துவிடுவார்.

எங்களுக்குள் இருந்தது அபிப்பிராய பேதம் மட்டுமே. அவருக்கு மூன்று நிமிஷத்தில் முடிகிற இனிப்பான மெட்டு வேண்டும்; ஒருதரம் கேட்டால் கிரேன்மேல் உட்கார்ந்து விசிலடிக்க வரவேண்டும். அதை மட்டம் என்று சொல்லமாட்டேன். நல்ல மெட்டு கட்டுவது லேசில்லை. எனக்குப் பிடித்தது ராக் இசையிலேயே வேறு ரகம். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. ஆர்கன் மெல்ல எழும்பும். நடுவே எல்லா வாத்தியமும் அடங்கி ஒரே ஒரு கம்பி அதிரும். அங்கே ஊசியைத் தூக்குவது, பேசுகிற மனிதரின் வாயைப் பொத்துவது போன்ற காரியம்.

ஹென்றி தூக்குவார்.

"இன்னா மாமு, பாட்டு எப்போ ஆரம்பிக்கும்? சங்கு ஊதிக்கினே கீறான். ஹார்பர்லயும் இதான், இங்கயும் இதானா?"

அவருக்கு ஆஸ்துமா இழுப்பு உண்டு. மாத்திரை சட்டைப்பையிலேயே இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கறுப்பு அட்டை போட்ட எல்பி தட்டின் இரண்டாம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒற்றைக் கம்பி அதிரும் இடத்தில் அவருக்கு இழுப்பு வந்தது.

"மாமு, அந்தச் சட்டைய எடு."

"கொஞ்சம் பொறும்வே, இந்தப் பக்கம் முடியட்டும்" என்றேன்.

எழுந்திருக்கப் பார்த்தார். என் அறை பலகைத் தளம். ஆள் நடந்தால் ஊசி தாவும். ஆகவே தோளை அமுக்கி உட்காரவைத்தேன். அவர் கை சட்டைப் பக்கமே நீண்டது. சட்டையை எடுத்து, ஊசி தாவாதபடி மெல்ல அடிவைத்துப் போய் வெளியே கொடியில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

"பாட்டுச் சத்தத்தில் கேட்டிருக்காது, பாவம்" என்று தாங்கள் ஏட்டையாவிடம் சொன்னீர்களாம். அந்த அனுதாபத்தை ஏற்பதற்கில்லை. என் செவி அப்படிப்பட்டதல்ல. ஒவ்வொரு இழுப்பும் தெளிவாகக் கேட்டது. தாளத்தோடு சேரவில்லை, அதுதான் இடைஞ்சல். பிறகு நின்றுவிட்டது. கடைசிப் பகுதியைச் சுத்தமாகக் கேட்க முடிந்தது. மாத்திரையைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார். தெரிந்தேதான் கொடுக்கவில்லை. அப்படியே பதிவு செய்துகொள்ளவும்.

அடக்கத்தன்று அவர் மனைவி ஆலிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டது.

"கடைசியா இன்னா சொன்னாரு அண்ணாத்தே? எம் பேரச் சொன்னாரா?"

"பாட்டு ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னாரும்மா" என்றேன்.

இதைத் தாங்கள் பொய்யென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாட்டு முடிந்ததும் அபிப்பிராயம் கேட்டேன். அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.