பிடி அரிசிப் பானை

உத்தமபாளையம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் பசித்த வீடுகளுக்குக் கொடுப்பதற்காக, மகளிர் குழுவினர் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பிடி அரிசி சேர்க்கிறார்கள். மூத்தவர் அதைச் சேர்ப்பவர், இளையவர் வாங்குபவர். பிள்ளைகளே, காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“ஏத்தா, ஓசி அரிசிக்குக் குத்தம் சொன்னியாமில்ல?”

“குத்தம் இல்ல மதினி. பச்சரிசியையும் புழுங்கலையும் ஒரே பானையில கொட்டிக் குடுக்குறீக. ஒலையில போட்டா பச்சரிசி கொழஞ்சு கூழாப் போகுது, புழுங்கல் வேகாம நிக்குது. அதத் தின்னுட்டுச் சின்னவன் வயித்த வலிக்குதுன்னு அழுகுறான். ரெண்டு பானையா வைங்கன்னுதான் கேட்டேன்.”

“இல்லாத வீட்டுக்குப் பச்சை என்ன, புழுங்கல் என்ன?”

“அத அரிசிக்கிட்டச் சொல்லுங்க.”

“இந்த வாய்க்குத்தான் குழுத் தலைவி அரிசி வாங்குறவக பட்டியல்ல இருந்து ஒன் பேரை எடுத்துட்டாக. நாளைக்குக் கூட்டத்துல வந்து எல்லாரு முன்னாடியும் மன்னிப்புக் கேளு. மறுபடி குடுக்கச் சொல்றேன்.”

பேருந்து வீரபாண்டியைத் தாண்டியதும் இளையவர் சொன்னார்:

“பள்ளிக்கூடம் லீவு. பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறும் இல்ல. கேட்டுடுறேன் மதினி.” பிறகு கேட்டார்: “அரிசி நல்லாருக்குன்னும் சேத்துச் சொல்லணுமா?”

மூத்தவர் சற்று யோசித்தார்.

“சொல்லிரு. தலைவிக்குச் சந்தோசமா இருக்கும்.”