அப்படி ஒரு ஆளே இங்க இல்ல

இல்லைன்னா இல்லதாங்கய்யா! எத்தனை வாட்டி கேட்டாலும் அதே பதில்தான். லியோன்சியாவும் கெடையாது, லியோன்சியா வீடும் கெடையாது. பொறந்ததுலேருந்து இந்த ஊர்லதான் கெடக்கேன், அந்தப் பேரை நான் காதாலகூடக் கேட்டதில்ல. நீங்க ஊரு மாறி வந்துட்டீங்க. லாரி திரும்பி வர்ற வரைக்கும் இப்படி உக்காருங்க... அந்தக் கல்லு வேணாம், அது என் கல்லு. ஆங், அதுல. இந்தாங்க, வறுத்த சோளம். வாயில போடுங்க.

நான் எதுக்கு இந்தக் குளிருல ரோட்டோரம் குந்தியிருக்கேன்னுதான கேக்குறீங்க? கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். எல்லாம் இந்த ஊரு சனத்தால வந்த வினை! வாயில நெருப்பை வைக்கணும் அத்தனை பேருக்கும்!

இங்க ஒரு பொம்பளை இருக்கா. பேரு எதுக்கு உங்களுக்கு? இருக்கா, அவ்வளவுதான். அவளுக்கு ஒரு பொண்ணு, நெலிதா. ஐயோ, பேரைச் சொல்லிட்டேனா? அது அவ பேரு இல்ல. சந்தையில ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் பையன் ஒருத்தன் உருளைக்கெழங்கு மூட்டையைத் தூக்கி அவ கால்லயே போட்டுட்டான். கால் வீக்கம் வத்துறதுக்குள்ள கல்யாணப் பேச்சு வந்திருச்சு. நல்ல பையன். மூட்டை தூக்கத் தெரியாதே தவிர, நல்ல பையன்.

சரி, பையன் வீட்டுக்காரங்க பொண்ணு கேக்க வரணும்ல? தொப்பியில பூவை சொருகிக்கிட்டு, சாராயம், மெல்லுறதுக்குக் கோக்கா இலை, ரொட்டின்னு கூட்டமா வரணும், அதான முறை. வந்தாங்க! ஓடையில துணி தொவைச்சிட்டிருந்த தெயோதோசியாகிட்ட வழி கேட்டிருக்காங்க. அந்த மகராசி என்ன சொன்னா தெரியுமா? "அப்படி ஒரு வீடே இங்க இல்ல." அவ துணி காயப்போடுறதே அந்த வீட்டு மதில்லதாங்க! அடுத்து ஆடு மேய்க்கிறவனைக் கேட்டாங்க. "நான் இந்த ஊரே இல்ல"ன்னுட்டான். தேவாலயத்து மணி அடிக்கிறவர்கிட்ட கேட்டாங்க. அவர் "எனக்குக் காது கேக்காது"ன்னுட்டாரு. நல்லாக் கேக்கும்! அடுத்த தெருவுல சட்டி தொறந்தா இங்கேருந்து மோந்து பாத்துட்டு... அது மூக்கு. காதும் கேக்கும்.

வந்தவங்க திரும்பிப் போயிட்டாங்க. அங்க அந்தப் பொம்பளை அடுப்படியில ஓடிட்டிருந்த கூயி அத்தனையும் அடிச்சு வறுத்து வெச்சிருக்கா. எலிக்கும் முயலுக்கும் நடுவுல இருக்குமே, அதைத்தான் சொல்றேன், உங்க ஊர்லயும் வளப்பீங்கள்ல? எல்லாத்தையும் புருஷன் ஒத்தை ஆளா உக்காந்து தின்னான். சோகமாத்தான் தின்னான், அதையும் சொல்லணும்.

ரெண்டாவது வாட்டியும் வந்தாங்க. இந்த வாட்டி தேடிப் பிடிச்சு வீட்டு வாசலுக்கே வந்துட்டாங்க! வாசல்ல யாரு? என் புருஷன் கௌதென்சியோ... அந்தப் பொம்பளை புருஷன், அவன் பேரும் கௌதென்சியோதான், இந்த ஊர்ல நெறைய கௌதென்சியோ. "இது கௌதென்சியோ வீடுதானே?"ன்னு கேட்டாங்களாம். இந்த மனுஷன், தன் வீட்டு வாசல்ல, தன் மாட்டுக் கயித்தைப் பிடிச்சிக்கிட்டு, "கௌதென்சியோவா? அவன் லீமாவுக்குப் போயி ரொம்ப நாளாச்சு"ன்னுட்டான். "அப்ப நீங்க யாரு?" "நானா? மாட்டைப் பாக்க வந்தேன்."

மாட்டைப் பாக்க வந்தானாம்! உள்ள நான் சோளக் கள்ளு சிச்சாவை மொண்டுக்கிட்டு நிக்கிறேன்! அந்தப் பொம்பளை நிக்கிறா. கரண்டியாலயே நாலு வெச்சா. அதுலேருந்து அவனுக்குப் படுக்கை ஆட்டுப் பட்டியிலதான்.

சிரிக்கிறீங்களா? உங்களுக்கென்ன, சிரிப்பீங்க. தடுப்பூசி போட வந்த நர்ஸம்மாகிட்ட இந்த ஊர்ல பிள்ளைங்களே கெடையாதுன்னு சொன்னவங்க இவங்க. அத்தனை பிள்ளைங்களும் வைக்கோலுக்குள்ள தும்மிக்கிட்டு கெடந்துச்சுங்க. தலை எண்ண வந்த ஆபீசர் பாவம், எழுத ஒண்ணும் கெடைக்காம ஒரு கோவேறு கழுதையை எழுதிட்டுப் போனாரு. ஒரு கழுதை படிக்கிறதுக்கு யாரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுத் தருவா?

வாய் அப்படிப் பழகிப்போச்சுங்கய்யா. பகல்ல பட்டாளத்தான் வருவான், "அவன் எங்க?"ம்பான். இருட்டுனா ராத்திரி நடக்கிறவங்க, சர்க்காரை எதுத்துத் துப்பாக்கி தூக்கினவங்க, மலையிலேருந்து எறங்குவாங்க, அவங்களும் "அவன் எங்க?"ம்பாங்க. இவன் வந்தான்னு அவன்கிட்ட சொன்னா சாவு, அவன் வந்தான்னு இவன்கிட்ட சொன்னா சாவு. தெரியாது, பாக்கல, இங்க இல்ல. இந்த மூணை வெச்சுக்கிட்டுத்தான் சனம் உசுரோட கெடந்துச்சு. குகையில ஒளிஞ்சிருந்தப்போ கைப்பிள்ளைங்ககூட சத்தமில்லாம அழக் கத்துக்கிச்சுங்க.

அந்தப் பொம்பளைக்கு ஒரு அண்ணன் இருந்தான்... சரி விடுங்க, என் அண்ணன்தான். மெலித்தோன். பட்டாளத்து லாரி வந்து, "மெலித்தோன் யாரு?"ன்னு கேட்டாங்க. அவன் தொப்பியைக் கழட்டிட்டு, "நான்தாங்கய்யா"ன்னான். மரியாதை தெரிஞ்ச பய. சும்மா ஒரு விசாரணைதான், சாயங்காலம் வந்துருவான்னாங்க. நான் சூப்பை மூடி வெச்சேன்.

இன்னும் வரல.

அதுலேருந்து இந்த ஊர்ல எவனும் "நான்தான்"னு சொல்றதில்ல. சோளம் எடுத்துக்கோங்க, ஏன் அப்படியே வெச்சிருக்கீங்க?

ஆனா சண்டைதான் முடிஞ்சு போச்சே! வர்றது சம்பந்தின்னாவது பாக்க வேணாமா? ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து சொல்லி அனுப்பிட்டாங்க. இதுதான் கடைசி வாட்டியாம். மழை எறங்குனா ஆறு ஏறிடும். இந்த வாட்டியும் வீடு கெடைக்கலைன்னா, பொண்ணு குடுக்க மனசில்லாமத்தான் ஊரே ஒளியுதுன்னு எடுத்துப்பாங்களாம். நெலிதா ரெண்டு நாளா சோறு தின்னல. அதான், எவனையும் நம்பாம நானே வந்து உக்காந்துட்டேன். வரட்டும்! கையைப் பிடிச்சு நேரா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.

லாரிச் சத்தம் கேக்குதே... கெளம்பிட்டீங்களா? பாத்துப் போங்கய்யா. மூட்டையைப் பிடிங்க, தோள்ல போத்தியிருக்கிற பொஞ்சோ வழுக்குது... இருங்க, இருங்க. அது என்ன, பொஞ்சோவுக்கு உள்ள? பாட்டிலா? பாட்டில் கழுத்துல என்னத்துக்குப் பூ கட்டியிருக்கு?

மருந்தா? மாட்டு மருந்தா? மாட்டு மருந்துக்கு யாருங்கய்யா பூ கட்டுவா?

டிரைவரே, போப்பா நீ! அவர் வரல! போ!

பளபளன்னு செருப்பு, தனியா வேற வந்தீங்களா, நான் சர்க்காரு ஆளுன்னு நெனைச்சேன்... மத்தவங்க எங்க? பாலத்துக்கிட்டயா? மூணாவது வாட்டியும் அசிங்கப்பட வேணாம்னு உங்களை மட்டும் மேல அனுப்பிவிட்டாங்களா? அப்ப நீங்க பையனோட அப்பா, சுல்க்கா! சொல்லுங்க, நீங்கதான சுல்க்கா?

என்னது! "சுல்க்காவா, அப்படி ஒரு ஆளைத் தெரியாதே"வா? அடப் பாவி மனுஷா! என் சோளத்தைத் தின்னுக்கிட்டே! எல்லாக் கதையையும் கேட்டுக்கிட்டே! உங்க ஊர்லயும் இதே வியாதிதானா? தலையைக் குனியாதீங்க. எனக்குத் தெரியாதா... உங்க வீட்லயும் யாரோ தொப்பியைக் கழட்டியிருப்பாங்க.

சரி, ஒண்ணு பண்ணுவோம். வந்ததும் ஒரு பேரு கேட்டீங்கள்ல? இன்னொரு வாட்டி கேளுங்க. கேளுங்கன்னா கேளுங்க.

ம்... லியோன்சியாவா, அப்படி ஒரு ஆளே... ச்சே! நாக்கு தானா ஓடுதுங்க. கொஞ்சம் பொறுங்க. தண்ணி இருக்கா? அந்த மாட்டு மருந்தையே ஒரு மொடக்கு குடுங்க. ஹா... நல்ல மருந்து. கேளுங்க இப்ப.

நான்தாங்க.

நான்தான். லியோன்சியா பில்யாக்கா. நெலிதாவோட அம்மா. மெலித்தோனோட தங்கச்சி. நான்தான்... சொல்லிட்டேன் பாருங்க. எந்த லாரியும் நிக்கலல்ல? போயிருச்சுல்ல?

அழுவாதீங்க சம்பந்தி, ரோட்டுல போறவங்க பாத்தா நான் அடிச்சேன்னு நெனைப்பாங்க. பாலத்துக்கிட்ட இருக்கிறவங்களுக்குக் குரல் குடுங்க, எல்லாரும் மேல வரட்டும். தெயோதோசியா வீட்டுல கூயி நெறைய இருக்கு, இன்னைக்கு அவளோடதைத்தான் அடிக்கப்போறேன். நான் முன்னாடி ஓடி அடுப்பைப் பத்த வைக்கிறேன், நீங்க மெதுவா வாங்க. நீல மதில், வாசல்ல மாடு கட்டியிருக்கும்.

மாட்டுக்குப் பக்கத்துல ஒரு மனுஷன் நிப்பாரு. அவரை எதுவும் கேக்காம உள்ள வந்துருங்க.