ஆளில்லாமல் அளந்த கார்

விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனியும் இருந்தால் அது பொறுமை ஆகாது, பொய்க்குத் துணை போவதாகும். ஆகவே யாரும் கேட்காமலும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும் இந்த வாக்குமூலத்தை என் கைப்பட எழுதுகிறேன்.

பெயர்: முடிவில் எழுதுகிறேன். வயது: ஐம்பத்திரண்டு. இருப்பு: ரயில் பாதையை ஒட்டிய தெருவில் மாடி வீடு. படிப்பு: இயந்திரப் பொறியியல், முதல் வகுப்பு. தொழில்: வாகனத் தொழிற்சாலை ஒன்றின் வடிவமைப்புப் பிரிவில் இருந்தேன். நான் வரைந்த பின்சக்கர அச்சுக்கு என் மேலதிகாரி தன் பெயரைப் போட்டு விருது வாங்கிய வருடம் வேலையை விட்டேன். இந்த வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் பதிவாகட்டும்.

தங்கள் காவல் நிலைய மதிலோரம் நிற்கும் சிவப்பு நிற, இரண்டு கதவுள்ள பழைய பந்தய ரகக் கார் ஒரு பல் மருத்துவருக்குச் சொந்தமானது. அதை அவர் என் தங்கையின் கணவர் நடத்தும் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவந்தபோது அதன் ஸ்பிரிங்குகள் தளர்ந்து, ஓட்டுகிறவர் பக்கம் வண்டி தொங்கிக்கொண்டிருந்தது. செய்த கம்பெனி அந்தப் பாகங்களை நிறுத்திப் பல காலம் ஆகிறது. மாப்பிள்ளை அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "ஒசரமா இருக்கற பக்கத்துல ரெண்டு சுத்து வெட்டி எடுத்துட்டா சமமாயிடும் டாக்டர்" என்றார். நான் அப்போது அங்கே என் தங்கை கொடுத்தனுப்பிய சாப்பாட்டுடன் நின்றிருந்தேன்.

"மாப்பிள்ளை, ஒரு கால் வலிக்குதுன்னு இன்னொரு காலை வெட்டுவாங்களா?" என்று கேட்டேன்.

"வந்துட்டாருய்யா புரொபசர். அப்ப நீங்களே பண்ணுங்க மச்சான்" என்றார்.

அதன் பிறகு நானேதான் செய்தேன். பழைய இரும்புக் கடையிலிருந்து எடை மேடைகளைக் கேட்டு வாங்கிவந்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து, மருத்துவரை உள்ளே உட்காரச் சொன்னேன். அவர் கனத்த உடம்புக்காரர். எப்போதும் தனியாகவே ஓட்டுகிறவர். பக்கத்து இருக்கையில் ஆள் ஏறி யாரும் பார்த்ததில்லை. நான் ஒவ்வொரு சக்கரத்தின் சுமையையும் குறித்துக்கொண்டிருந்தபோது கண்ணாடியை இறக்கி, "வண்டி வெயிட்டை யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. என் வெயிட்டை மட்டும் வெளிய விட்டுடாதீங்க" என்றார். வாக்குக் கொடுத்தேன். ஆகையால் அந்த எண்ணை இங்கும் எழுதவில்லை.

கார் எங்கோ ஒரு தொழிற்சாலையில், யாரோ ஒரு சராசரி ஆளுக்காகச் செய்யப்பட்டது. இந்த வண்டியில் சராசரி ஆள் என்றும் உட்காரப் போவதில்லை. எனவே இவருக்கென்றே கணக்கிட்டேன். ஓட்டுகிறவர் பக்கத்து ஸ்பிரிங்குகளை மற்றப் பக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாகவும் கொஞ்சம் கடினமாகவும் வரைந்தேன். கம்பியின் பருமன், சுற்றுகளின் இடைவெளி, அவை பள்ளத்தில் இறங்கி ஏறும்போது தாங்கவேண்டிய ஷாக் அப்சார்பரின் இறுக்கம், எல்லாவற்றையும் தனித்தனியே முடிவு செய்தேன். ஸ்பிரிங் சுற்றிக் கொடுப்பவர் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், ரெண்டு பக்கமும் வேற வேற அளவு போட்டிருக்கீங்க. தூக்கக் கலக்கமா?" என்று கேட்டார். "போட்டபடியே சுத்துங்க" என்றேன்.

மாட்டிய பிறகு ஆளில்லாத கார் ஒரு பக்கம் தோளைத் தூக்கிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை சிரித்தார். மருத்துவர் ஏறி உட்கார்ந்தார். கார் மெல்ல இறங்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்ததுபோல் நின்றது. மாப்பிள்ளையின் சிரிப்பும் நின்றது. அதன் பிறகு மருத்துவர் தண்ணீர்த் தொட்டி வளைவு வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். "பல்லு கட்டினா வாய்க்குத் தெரியக் கூடாதுன்னு எங்க தொழில்ல சொல்வோம். அப்படி இருக்கு" என்றார். என் வாழ்நாளில் என் வேலைக்குக் கிடைத்த சான்றிதழ் அது ஒன்றுதான். அதுவும் வாய்மொழி.

பிறகு பழைய கார்களின் கண்காட்சி ஒன்று நடந்தது. பத்திரிகைக்காரர் ஒருவர் இந்தக் காரின் சஸ்பென்ஷனை வடிவமைத்தது யார் என்று கேட்டார். "எல்லாம் நம்ம ஒர்க்ஷாப் டிசைன்தான் சார்" என்றார் மாப்பிள்ளை. படம் எடுக்கும்போது தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டு சட்டகத்துக்கு வெளியே நின்றேன். அன்றிலிருந்து அவரோடு நான் பேசவில்லை. பேசவேண்டியதைத் தங்கையிடம் சொன்னேன்.

விபத்தைப் பற்றி: சென்ற மாதம் மழை பெய்த மாலையில், மருத்துவரின் கார் அதே தண்ணீர்த் தொட்டி வளைவில் பின்பக்கம் வழுக்கி மதிலில் உரசி நின்றது. அவருக்குத் தோள்பட்டையில் காறை எலும்பு முறிந்தது. வண்டி தானாக இழுத்துக்கொண்டு போனதாக அவர் புகார் கொடுத்தார். வாகன ஆய்வாளர் வந்து அளந்து, இரு பக்க ஸ்பிரிங்குகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை, கைக்குக் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள் என்று அறிக்கை கொடுத்தார். அதன் பேரில் ஒர்க்ஷாப் பூட்டி முத்திரையிடப்பட்டது. மாப்பிள்ளை நிலையத்துக்கு அழைக்கப்பட்டார். தங்கை கேட்டதால் நானும் போய் எழுத்தரின் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"இந்த வேலையை யாருய்யா பண்ணினது?" என்று தாங்கள் கேட்டீர்கள்.

"நான்தான் சார்."

"ஏன் ரெண்டு பக்கமும் வேற வேறயா இருக்கு?"

அவருக்குத் தெரியவில்லை. முன்பு ஒர்க்ஷாப்பில் நான் விளக்கியபோது அவர் கைப்பேசியில் யாரோடோ கதவுக் கைப்பிடிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். "அது ஒரு கணக்கு சார்" என்றார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்ததும் உண்மை.

அதன் பிறகு வீட்டில் தங்கை என் முன்னால் தட்டை வைத்துவிட்டு, சோறு போடாமல் கரண்டியோடு நின்றாள். "அவரு உன் பேரைச் சொல்லலண்ணா. ஏன்னு கேட்டேன். பேரை நான் எடுத்துக்கிட்டேன், அடியை மட்டும் மச்சானுக்குக் குடுக்கறதான்னு கேக்கறாரு."

இத்தனை வருடத்தில் அவர் பேசிய உருப்படியான வாக்கியம் இது ஒன்றுதான். இதையும் என்னிடம் நேரில் சொல்லவில்லை.

இனி நான் சொல்ல வந்தது. வாகன ஆய்வாளர் ஆளில்லாத காரை அளந்தார். சாவி தங்கள் அலமாரியில் இருந்தது, கதவு பூட்டியிருந்தது, அவர் வெளியே குனிந்து அளந்துவிட்டுப் போனார். கார் ஆளில்லாமல் ஓடுவதில்லை. எனவே கதவைத் திறந்து, ஓட்டுநர் இருக்கையில் தங்கள் நிலைய எழுத்தரை உட்கார வையுங்கள். அவர் தவறாக நினைக்க வேண்டாம்; மருத்துவருக்கு இணையான உடம்பு அங்கே அவருக்குத்தான் இருக்கிறது. அதன் பிறகு முன் சக்கரங்களின் மையத்திலிருந்து மேல் வளைவு வரை இரு பக்கமும் அளவு நாடாவைப் பிடியுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும். அவரை இறங்கச் சொல்லி மறுபடி அளந்தால் ஓட்டுநர் பக்கம் ஒன்பது மில்லிமீட்டர் உயரும். கைக்குக் கிடைத்ததை மாட்டினால் இப்படி வராது. நாடாவைக் கீழே வைக்குமுன் பின் டயர்களையும் தடவிப் பாருங்கள். பட்டன் தேய்ந்து மொழுக்கென்று இருக்கும். ஊரார் பல்லையெல்லாம் பார்க்கிறவர், தன் டயருக்குப் பல் போனதைப் பார்க்கவில்லை. முன்பக்கம் வளைவைப் பிடித்து நின்றதால்தான் அவர் ஓர் எலும்பு முறிவோடு தப்பினார். அப்படிப் பிடித்து நின்றது என் கணக்கு.

மேலே பெயருக்கென்று விட்ட இடத்தை இப்போது நிரப்ப வேண்டும். பேனாவை எடுத்துவிட்டேன். என் பெயரைக் கண்டால் ஆய்வாளர் முதல் பத்திரிகைக்காரர் வரை எல்லோருக்கும் விஷயம் தெரியும். கூடவே, மாப்பிள்ளை தங்கள் முன் சொன்னது பொய் என்றும் ஆகும். ஒப்பமில்லாத தாளை வைத்து யாரையும் பொய்யன் என்று எழுத முடியாது. அளவு நாடாவை வைத்து ஒர்க்ஷாப்பைத் திறந்துவிட முடியும். என்னைத் தேடினால் கண்டுபிடிப்பது கடினமல்ல. தேட வேண்டாம் என்பது வேண்டுகோள்.

மேலே கண்டவை எனக்குத் தெரிந்த வரை உண்மை. நம்பச் சொல்லவில்லை, அளந்து பார்க்கச் சொல்கிறேன். என் பெயரை முன்பு இரண்டு பேர் என்னைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள். இந்த முறை நானே எடுக்கிறேன். இதைக் கையெழுத்தில்லாமல் தபாலில் சேர்க்கிறேன். எழுத்தர் ஏறி உட்காரும்போது அந்தக் கார் போடட்டும் என் கையெழுத்தை.