ஈரச் சாக்கு கிடந்த படி

எங்கள் அம்மா போடும் டீயில் சர்க்கரை எப்போதும் தூக்கலாக இருக்கும். உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்ததும், அவருக்கு மட்டும் தனியாகப் போடாமல் ஃபிளாஸ்க் முழுவதற்குமே குறைத்துவிட்டாள். அதை முதலில் கவனித்தது நான்தான். அப்போது அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. டீ கொஞ்சம் கசந்தது, அவ்வளவுதான்.

தமிழ்செல்வி அக்கா, நீங்கள் புனேயிலிருந்து வந்து, அப்பாவை ஜனக்புரியில் பக்கத்து வீட்டாரிடம் விட்டுவிட்டு, இந்த ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் என் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். கேட்டது ஒன்றே ஒன்று. உங்கள் அப்பா ஜோதிலிங்கம் சார் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை, அம்சவேணியை நான்தான் கொன்றேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவளுடைய மகன் நீ வந்து உங்கள்மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல் என்கிறீர்கள். சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார். அதனால் உங்களிடம் முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நான் எதையும் வரிசையாகச் செய்கிறவன். செய்த பிறகும் சந்தேகம் போகாது. பூட்டு விழுந்ததா, கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். மாலைக் கல்லூரியில் விடைத்தாளைக் கடைசி ஆளாகத்தான் கொடுப்பேன்.

டெல்லியில் மேடு ஏது, படிக்கட்டு ஏது என்று ஊரில் கேட்பார்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் பாறை மேட்டின்மேல் இருக்கிறது. பின்பக்கம் இறங்கினால் பஸ் ரோடு. நடுவில் கல் படிக்கட்டு, என்றோ கட்டியது. ஒரு பக்கம் சரிவு. அந்தப் பக்கத்துக் கம்பித் தடுப்பைப் பழைய இரும்புக்கு அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புதர் மண்டி, பாட்டில் உடைந்து, யாரும் கால் வைக்காமல் கிடந்தது. மேல்வீட்டு சுஷ்மா ஆன்ட்டி மனு மேல் மனு கொடுத்து அலுத்துப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை துடைப்பத்தோடு இறங்கிவிட்டார். அடுத்த வாரம் நான் போனேன். அதற்கடுத்த வாரம் அம்மா டீ கொண்டு வந்தாள். டெல்லித் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் படம் பார்த்துவிட்டு ஜனக்புரியிலிருந்து உங்கள் அப்பா வந்து சேர்ந்தார். ராணுவத்தில் பாலம் கட்டும் பிரிவில் இருந்தவர் என்பதால் கல் பதிக்கும் வேலை அவர் கைக்குப் போனது.

சிமெண்ட் ஆறும்வரை ஈரம் காயக்கூடாது. அதனால் புதிதாகப் பதித்த படியின்மேல் நனைத்த சாக்கை விரிப்போம். அதில் யாரும் கால் வைக்கக் கூடாது. எங்கள் கூட்டத்தில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

"ஈரச் சாக்கு கெடந்தா தூங்குத புள்ளைன்னு நெனைச்சுக்கிடுங்க. மிதிச்சிராம தாண்டிப் போங்க" என்றார் உங்கள் அப்பா.

"தூங்கற கொழந்தையத் தாண்டக் கூடாதுங்க. வளராம போயிரும்" என்றாள் அம்மா.

"இது வளர வேண்டாம் மேடம். இறுகுனாப் போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா ஈரோட்டுக்காரி, அவர் அம்பாசமுத்திரம். அவள் வாய்க்கு வாய் போடும் 'ங்க'வை அவர் விடமாட்டார். ஒருநாள், "ஒங்க ஊர்ல கழுதையக்கூட வாங்க போங்கன்னுதான் சொல்லுவியளோ?" என்று கேட்டார். "கழுதைக்கு மட்டுந்தானுங்க. மனுசங்கள வா போன்னுதான் கூப்புடுவோம். நீங்க டீ எடுத்துக்கோங்க" என்றாள் அம்மா. என் அப்பா இறந்த பிறகு அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் ஆபீஸிலேயே கருணை வேலையில் சேர்ந்தவள். வருவாள், சமைப்பாள், நான் வகுப்பு முடிந்து வரும்வரை சாப்பிடாமல் இருப்பாள். நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். அதற்குத் தேவை இருந்ததாக நான் நினைக்கவில்லை.

சாக்குகள் என் பொறுப்பு. ஆபீஸ் போகும் முன்பும் வகுப்பு முடிந்து வந்த பின்பும் தண்ணீர் ஊற்றுவேன். உங்கள் அப்பாவுக்கு அதில் பெரிய திருப்தி. "அர்ஜுன் தம்பி பாத்துக்கிட்டா நான் கண்ண மூடிக்கிட்டு நடப்பேன்" என்பார்.

பிப்ரவரியில் வளைவுக்கு வந்தோம். அங்கே மழைநீர் அடித்தளத்தை அரித்துப் படியே இல்லாமல் இருந்தது. அதைப் புதிதாகக் கட்டி, ஒரு சனிக்கிழமை மாலை பெரிய கல்லை ஏற்றி வைத்தார். சிமெண்ட் இறுகும்வரை கல் சாயாமலிருக்க, சரிவுப் பக்கம் அடியில் இரண்டு மர ஆப்புகளைத் தட்டினார். நான் சாக்கை நனைத்து விரித்தேன்.

அன்று ராத்திரி சப்பாத்தி தேய்த்துக்கொண்டே அம்மா சொன்னாள். "கண்ணு, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். சித்திரையில மலை மந்திர் முருகன் கோயில்ல வெச்சு அவரும் நானும் மாலை மாத்திக்கலாம்னு பேசியிருக்கோம். அப்பறம் மூணு பேரும் ஜனக்புரியில இருந்துக்கலாம். உனக்கு ரோட்டுப் பக்கத்து ரூமு. மெட்ரோ கிட்டக்க. டேபிள்கூடச் சொல்லியாச்சு."

அது உங்கள் ரூம், அக்கா. நீங்களே கொடுக்கச் சொன்னீர்களாம்.

"உனக்குப் புடிக்கலீன்னா இப்பவே சொல்லிப்போடு. இதோட உட்டுர்றேன். வருத்தமெல்லாம் பட மாட்டேன்."

"பிடிக்காம என்னம்மா. அச்சா நியூஸ்தானே" என்றேன்.

"நெசமாலுமா?"

"நிஜமா."

மாவுக் கையோடு என் கன்னத்தைத் தொட்டாள். பிடிக்கவில்லை என்று நான் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சொன்னபடி விட்டிருப்பாள். நான் அதை நன்றாக யோசித்துப் பார்த்தேன். ஆனால் அம்மாவின் சந்தோஷத்துக்குக் குறுக்கே நிற்கும் பிள்ளை என்ற பெயர் எனக்கு வேண்டாமென்று இருந்தது. அவளுக்குத் தெரியாமல், அவள் மனம் நோகாமல், காரியம் கொஞ்சம் தள்ளிப்போனால் போதும். அவருக்குக் கால் பிசகினால் சில மாதம் வரமாட்டார். வராவிட்டால் பேச்சு குறையும். இப்படித்தான் நினைத்தேன். இதில் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு விடியலில் தண்ணீர் ஊற்றப் போனேன். சாக்கை வளைவுக் கல்லிலிருந்து எடுத்து, அதற்கு மேலே உள்ள படியில் விரித்தேன். அது பழைய படி, உறுதியானது. புதுக் கல்லின் விளிம்பில் இருந்த சிமெண்டைத் துடைத்து, பழைய படிபோலத் தெரியக் கொஞ்சம் மண் தூவினேன். வழியில் போகிறவன் சாக்கை மிதித்தாலும் மிதிப்பான். எங்கள் ஆட்கள் மட்டும் கட்டாயம் தாண்டுவார்கள். தாண்டி வைக்கும் கால் எப்போதும் கனமாக விழும். முதலில் இறங்குகிறவர் எப்போதும் உங்கள் அப்பாதான். மேல் ரோட்டில் ஆட்டோவில் வந்து, எங்கள் வீட்டில் வைத்திருக்கும் சிமெண்ட் பூசும் கரணையை எடுத்துக்கொண்டு, முந்தைய நாள் வேலையைப் பார்க்க நேராகப் போவார்.

வேறு யாராவது வந்திருந்தால் என்று கேட்பீர்கள். அதையும் யோசித்தேன். பால்கனியிலேயே நின்றேன். பால்காரர் ஒருவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். "பையா, உதர் மத் ஜாவ், காம் சல் ரஹா ஹை" என்று கத்தினேன், அந்தப் பக்கம் போகாதே, வேலை நடக்கிறது என்று. கையைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சுற்றுவழியில் போனார்.

அன்று மேல் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். உங்கள் அப்பா பஸ்ஸில் வந்து கீழே இறங்கி அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அம்சவேணி, நான் கீழ நிக்கேன். அந்தக் கரணைய யார்ட்டயாவது குடுத்து விடுங்க. டீ இருந்தா அதுவும்."

"வெசையா வர்றனுங்க" என்றாள் அம்மா. நான் திரும்புவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்கைக் கண்டதும் நின்றாள். ஒரு கையில் ஃபிளாஸ்க், மறு கையில் கரணை. கரணையை இடுப்பில் செருகிக்கொண்டு புடவையைத் தூக்கிப் பிடித்தாள். பிறகு பால்கனியை நிமிர்ந்து பார்த்தாள். மிதிக்க மாட்டேன், பார் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். சிரித்தாள். அதற்கெல்லாம் நேரம் இருந்தது, அக்கா. பால்காரருக்குக் கேட்ட குரல் அவளுக்கும் கேட்டிருக்கும்.

கூப்பிட்டால் ஏன் என்று கேட்பாள். சாக்கு எப்படி இடம் மாறியது என்று உங்கள் அப்பா கேட்பார். நேற்று அச்சா நியூஸ் என்று சொன்னது இந்த வாய்தானே. அம்மா ஒல்லி, கல் தாங்கும் என்றும் ஒரு கணக்கு ஓடியது. கணக்கை நான் இன்னொரு முறை சரிபார்ப்பதற்குள் அவள் தாண்டிவிட்டாள்.

உங்கள் அப்பா ஓடி வந்தார். கீழிருந்து வருகிறவருக்குப் படியின் மேல்பக்கமோ, சாக்கு எந்தப் படியில் கிடந்தது என்பதோ தெரியாது. சரிவில் இறங்கி, பாறையில் கிடந்த அம்மாவின் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். அப்போது நான் வளைவுக்கு வந்திருந்தேன். சாக்கைத் தூக்கி, சாய்ந்து கிடந்த கல்லின்மேல் போட்டேன். சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அம்மாவிடம் போனேன்.

அவளுக்கு நினைவு இருந்தது. என்னைத்தான் பார்த்தாள். "நான் மிதிக்கலீடா கண்ணு" என்றாள். நான் கோபித்துக்கொள்வேன் என்று பயந்தாற்போலச் சொன்னாள். வண்டி வருவதற்குள் போய்விட்டாள்.

போலீஸ் வந்து பார்த்து விபத்து என்று எழுதிக்கொண்டது. உங்கள் அப்பா மட்டும் காரியம் முடிந்த அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "மிதிக்கலன்னு சொன்னாளேடே. அவ மிதிக்கிற ஆளு இல்லையே."

"அவசரத்துல தெரிஞ்சிருக்காது சார். நீங்க கூப்பிட்டதும் ஓடினா" என்றேன்.

அவர் அன்றிலிருந்துதான் இப்படி இருக்கிறார் என்று நினைக்கிறேன். வேலையும் நின்றுவிட்டது. சுஷ்மா ஆன்ட்டி படிக்கட்டுக்கு மேலே முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்.

இன்னொன்றையும் விடாமல் சொல்லிவிட வேண்டும். சாக்கை மட்டும் நகர்த்தியிருந்தால் கல் தாங்கியிருக்கலாம், யாருக்கும் ஒன்றும் ஆகாமலே போயிருக்கலாம். அந்தச் சந்தேகம் எனக்கு விடியலிலேயே வந்தது. பாதிப் படி ஏறியவன் திரும்பிப் போய் இரண்டு ஆப்புகளையும் உருவினேன். சரிவுப் பக்கம் கம்பி இல்லை என்பது எனக்குத் தெரியும். கீழே பாறை என்பதும் தெரியும். கால் பிசகும் என்று சற்றுமுன் சொன்னேன் அல்லவா, ஆப்பை உருவும்போது காலைப் பற்றி நான் நினைக்கவில்லை.

எழுந்து நிற்காதீர்கள், அக்கா. முடிந்துவிட்டது. நீங்கள் எங்கே சொன்னாலும் வந்து சொல்கிறேன். ஜனக்புரிக்கு வந்து அவரிடமும் இதே வரிசையில் சொல்கிறேன். நீங்கள் முந்திக்கொண்டு சொல்வதானால், அம்மாவை நான் எதுவும் செய்யவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சித்திரை வந்தது, போனது. அவள் எங்கும் போகவில்லை. கடைசிவரை இந்த வீட்டில் என்னோடு மட்டும்தான் இருந்தாள். தூக்கம் வராதபோது நான் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். உங்கள் அப்பாவிடமும் அதைச் சொல்லிப் பாருங்கள், அவருக்கும் ஆறுதலாக இருக்கும்.