அவள் பூட்டுக்கு அவள் கையில் சாவி

மேடையிலிருக்கும் ஒரே மின்விசிறியைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு கொலுவீற்றிருக்கும் எங்கள் மகளிர் சங்கத் தலைவி, பெருமதிப்புக்குரிய சந்திரம்மா அக்கா அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியும் முகமலர்ச்சியுமாய் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கும் என் அன்புத் தாய்மார்களே! காப்பி எப்போது வரும் என்று பந்தலின் பின்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும் அருமை அண்ணன்மார்களே! காணிப்பாக்கம் கோயில் வாசலில் தேங்காய் விற்கும் இந்த லட்சுமம்மாவின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரித்தாகட்டும்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன பேச்சு என்று அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் பூட்டு தெரியும், சாவி தெரியும். வீட்டுச் சாவி வீட்டுக்காரி இடுப்பில் இருக்க வேண்டும் என்பது தெரியும். இன்று என் வயிறு பற்றி எரிவது ஒரு சாவிக்காகத்தான்!

அதோ, மேடை ஓரத்தில் சங்கத்து லேப்டாப்பின் முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே சிவசங்கரி, நம் வள்ளியின் மகள், அவளைப் பாருங்கள். இன்டரில், அதுதான் பன்னிரண்டாம் வகுப்பில், நல்ல மார்க். திருப்பதியில் நர்சிங் படிக்க ஆசை. அதற்காக கவுன்சிலிங் தளத்தில் கணக்குத் திறந்தாள். பாஸ்வேர்டு மறந்து போனால் அவள்தான் அவள் என்று தெரிந்துகொள்வதற்காக அந்தத் தளம் சில கேள்விகளைக் கேட்டு, பதில்களை வாங்கி வைத்துக்கொண்டது. உன் தாய் பிறந்த ஊர் எது? நீ முதலில் படித்த பள்ளி எது? உன் செல்லப்பிராணியின் பெயர் என்ன?

தாய்மார்களே, இவையா ரகசியம்? இந்தக் கேள்விகளைக் கண்டுபிடித்த புண்ணியவான் பக்கத்து வீட்டுக்காரன் பேர் தெரியாத பட்டணத்தில் பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும்! இவள் மஞ்சள் நீராட்டு விழாவில் நாம் மைக்கில் என்ன முழங்கினோம்? "ரேணிகுண்டா தாய்மாமன் ஆதிநாராயணன் சீர் வந்துகினு இருக்குது, வழி விடுங்கோ, வழி விடுங்கோ!" தாய் பிறந்த ஊர் போயிற்று. பந்தல் வாசலில் பனைமரம் உயரத்துக்கு பிளெக்ஸ் வைத்தோமே, அதில் சின்ன வயசு யூனிபார்ம் படமும் பள்ளியின் பேரும் போட்டோமா இல்லையா? பள்ளியும் போயிற்று. நாய் பேரா? "ராக்கி! சோறு துன்ன வாடா ராக்கி!" என்று வள்ளி கூப்பிடுகிற கூப்பாட்டில், சித்தூர் பஸ் டிரைவருக்கே அந்த நாயின் பேர் மனப்பாடம். நீ ஏன் முறைக்கிறாய் வள்ளி? உன் குரலைப் புகழ்ந்துதான் சொன்னேன்!

யஸ்வந்த் என்று ஒரு பிள்ளையாண்டான். அவன் வீட்டில் இவளைப் பெண் கேட்டார்கள். "பொண்ணு படிக்கப் போகுது" என்று வள்ளி சொல்லிவிட்டாள். படிப்பு கெட்டால் கல்யாணம் கைகூடும் என்று அவன் கணக்குப் போட்டான். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினான். கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் பதில் எழுதினான். உள்ளே போனான், இவள் கேட்டிருந்த திருப்பதிக் கல்லூரியை அடியோடு எடுத்துவிட்டான். முதல் சுற்றில் இவளுக்கு இடம் இல்லை!

அவனே கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டது என் காதுக்கு வந்தது. பிடித்து வைத்துக் கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா? "நான் பூட்ட ஒடைக்கலியே அத்த. சாவிய நீங்கதான மைக்ல குடுத்தீங்கோ?"

செருப்பைத் தேடினேன். குனிந்து நிமிர்வதற்குள் ஓடிவிட்டான். அவன் மேல் புகார் கொடுத்தாயிற்று, அது அதன் வழியில் போகட்டும்.

இப்போது அந்தத் தளமே அந்தக் கேள்விகளைக் குப்பையில் கொட்டிவிட்டது. இனி இரட்டைப் பூட்டாம். முதலில் பாஸ்வேர்டு. அது சரியென்றால், போனுக்கு ஓர் எண் வரும். பால் பொங்குகிற நேரம்தான் அந்த எண்ணுக்கு ஆயுசு. அதையும் போட்டால்தான் கதவு திறக்கும். ஆகா என்று கைதட்டினேன். தட்டிய கை ஓய்வதற்குள் கேட்டேன், "எந்தப் போனுக்குடி வரும்?"

மாமன் போனுக்காம்!

ஏனாம்? "பொம்பளப் புள்ள நம்பரு ஊரெல்லாம் சுத்தக் கூடாது" என்று இவள் வீட்டில் தீர்மானமாம். அடடா, என்ன கௌரவம்! என்ன கட்டுப்பாடு! அவள் பெரியவளான சேதியை ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்லலாம். அவள் படத்தை நடுரோட்டில் தொங்க விடலாம். அவள் பேரில் ஒரு போன் நம்பர் மட்டும் இருக்கக் கூடாதா?

செப்பு அக்கா என்கிறீர்களா? செப்புகிறேன், செப்பாமல் போவேனா!

இரட்டைப் பூட்டு வருவதற்கு முன்பே இவள் அந்தக் கல்லூரியை மறுபடி சேர்த்திருந்தாள். இரண்டாம் சுற்றில் இவளுக்குத் திருப்பதியிலேயே இடம் கிடைத்தது. இன்று மாலை ஐந்து மணிக்குள் உள்ளே போய் 'சம்மதம்' என்று அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அந்த இடம் அடுத்தவளுக்கு. நேற்றே முயன்றாள். மாமனுக்குப் போன் போட்டாள். பக்கத்திலிருந்து கேட்டவள் நான்.

"மாமா, ஒரு நம்பர் வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"சொல்லு மாமா, சீக்கிரம்!"

"சொல்ல மாட்டேன். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அதுலயே போட்டுக்குது."

"ஐயோ மாமா, அது எனக்கு வந்த நம்பரு!"

"உனக்கு வந்திருந்தா எங்கிட்ட இன்னாத்துக்கும்மா வருது? எவனோ உன்ன ஏமாத்திக்கினு இருக்கான். நான் அழிச்சிட்டேன். போய் சாப்புடு."

சிரிக்காதீர்கள்! அவர் கெட்டவரா? இல்லை. இவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர். சேதியில் சொன்னபடி சத்தியம் தவறாமல் நடந்தவர். இதோ, நான் திட்டித் தீர்த்த பிறகு ரேணிகுண்டாவிலிருந்து பஸ் பிடித்து வந்து, முன்வரிசையில் நெளிந்துகொண்டிருக்கிறார். என் கோபம் அந்த மனிதர் மேல் இல்லை ஐயா! நேற்று அவள் சாவி ஊர் வாயில் கிடந்தது. இன்று அவள் சாவி மாமன் பையில் கிடக்கிறது. பூட்டு மாறியது, புத்தி மாறியதா? படிப்பவள் அவள். பரீட்சை எழுதியவள் அவள். பயந்து நடுங்குகிறவள் அவள். சாவி மட்டும் ஏன் இன்னொருவர் சட்டையில்?

என்ன சிவசங்கரி? பாஸ்வேர்டு போட்டுவிட்டாயா? அதோ, மாமன் பையில் போன் சிணுங்குகிறது! எடுங்கள் அண்ணா! ஏன் மேடைக்கு வருகிறீர்கள்? மைக் எதற்கு?

"ஏழு... நாலு..."

ஐயோ அண்ணா, நிறுத்துங்கள்! மைக்கை முந்தானையால் மூடிவிட்டேன். நேற்று சொந்த மருமகளுக்கே சொல்லாத நம்பரை இன்று ஊருக்கே ஏலம் விடுகிறாரே! போனையே அவள் கையில் கொடுங்கள். சீக்கிரம், பால் பொங்கிவிடும்!

கொடுத்தார். போட்டாள். திறந்ததா? திறந்துவிட்டது! அழுத்திவிட்டாயா? அழுத்திவிட்டாள்! வள்ளி, கண்ணைத் துடை. உன் மகளுக்குத் திருப்பதியில் இடம் உறுதி!

கைதட்டலைக் கொஞ்சம் நிறுத்துங்கள், இன்னும் ஒரு வேலை இருக்கிறது. இன்று காலையில் வள்ளி மகளையும் கூட்டிக்கொண்டு சித்தூருக்குப் போய், மகள் பேரிலேயே ஒரு சிம்மும், அதைப் போட ஒரு போனும் வாங்கி வந்திருக்கிறாள். மாமன் நம்பரை எடுத்துவிட்டு அதைப் போடம்மா. போட்டாயா? சரிபார்க்க இப்போது எங்கே வரும் எண்?

கேட்டீர்களா அந்த மணிச் சத்தத்தை? அவள் கையில்! அவள் போனில்! அவள் பேரில்!

மாமன் எட்டிப் பார்க்கிறார், பாருங்கள். "இன்னாம்மா நம்பர் வந்துச்சு?" என்கிறார். அவள் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொல்வதைக் கேளுங்கள்:

"சொல்ல மாட்டேன் மாமா. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டுக்குது."

முதலில் கைதட்டியவர் யார் தெரிகிறதா? ஆதிநாராயணன் அண்ணன்தான்! அவருக்கும், இந்த வாய் ஓயும்வரை பொறுத்த உங்களுக்கும், விசிறியை இப்போதாவது என் பக்கம் திருப்பிய தலைவிக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வீட்டுக்குப் போனதும் அவரவர் மகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், "உன் சாவி யார் கையில் இருக்குது?" என்று. காப்பி வந்துவிட்டது. வணக்கம்!