பதினோரு கிலோ

எனக்கு எட்டு வருடமாக முதுகுவலி உண்டு. இடுப்புக்கு மேலே, இடது பக்கம். கனமாக எதையாவது தூக்கினீர்களா என்று வைத்தியர் கேட்டார். புத்தக மூட்டை என்று சொல்லிவைத்தேன். விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நீங்கள். ஒருகாலத்தில் என் மாணவரும்கூட. தூக்கியது என்ன என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் குடும்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. என் அப்பா கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் உத்தியோகத்தில் இருந்தவர். தெருமுனையில் அவர் தலை தெரிந்தால் கடைக்காரர்கள் எடைக்கற்களைத் துடைத்து வைப்பார்கள். அவர் அளந்தால் மறுபேச்சு கிடையாது. அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். அணுக்கருவை அளக்கப் போனதும் அதனால்தான்.

முப்பத்திரண்டாவது வயதில் ஒரு கோடு கண்டேன். ஓர் அரிய உலோகம் உமிழும் கதிரில், அதுவரை யாரும் பார்க்காத இடத்தில், காகிதத்தின் மேல் எறும்பு நிமிர்ந்து நின்றாற்போல ஒரு சின்ன மேடு. எங்கள் துறையில் அதைத்தான் கோடு என்போம். அதை வைத்துத்தான் பேராசிரியரானேன், துறைத்தலைவரானேன். ஆய்வுக்கூட மாடிப்படியில் என் படம் மாட்டினார்கள். பாடப்புத்தக அட்டவணையில் அந்தக் கோட்டுக்கு எங்கள் குடும்பப் பெயர். எங்கள் ஆய்வுக்கூடப் பட்டறைக்காரர், "எல்லாருக்கும் தலையெழுத்து பக்கம் பக்கமா இருக்கும், ஐயாவுக்கு ஒரே கோடுதான்" என்பார். நானும் சிரிப்பேன்.

அளக்கும் முறை உங்களுக்குத் தெரியும். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். வெளிக்கதிர் வராதபடி கருவியைச் சுற்றி ஈயக்கட்டிகளை அடுக்கிப் பெட்டி கட்டுவோம். முதலில் வெறும் பெட்டியை அளக்க வேண்டும். பிறகு பொருளை உள்ளே வைத்து அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பொருளுடையது. நான் பொருளை நாற்பது நாள் அளந்தேன். வெறும் பெட்டியை இரண்டே நாள். வேறொரு நாட்டில் இன்னொருவரும் அதே உலோகத்தை அளந்துகொண்டிருந்தார். எனக்கு அவசரம்.

என் மகளும் இதே துறைக்கு வந்தாள். நான் வற்புறுத்தவில்லை. என்னைவிடக் கை சுத்தம். திருகாணியைக்கூட அதற்கு நோகாமல் திருகுவாள். நாற்பதாவது வயதில், புதிய கருவியில், என் கோட்டை மறுபடி அளந்தாள். ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். அழுதிருந்தாள்.

"அப்பா, உங்க கோடு வரலைப்பா. மூணு தடவ பாத்துட்டேன்."

யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். உங்களிடம்தான் முதலில் என்றாள். இரண்டு பேரும் சேர்ந்தே எழுதுவோம், அப்பாவே தன் பிழையைத் திருத்திக்கொண்டார் என்று இருக்கட்டும் என்றாள். நல்ல யோசனைதான். நீ அளந்த உலோக மாதிரி கெட்டுப்போயிருக்கலாம், புதிதாக ஒன்று வாங்கி, வெறும் பெட்டியிலிருந்து தொடங்கி இன்னொரு முறை பார் என்றேன்.

மறுநாளே கிடங்குக்குப் போய் என் பழைய ஈயக்கட்டிகளில் ஒன்றை எடுத்து, அதை மட்டும் பத்து நாள் அளந்தேன். கோடு அதில் இருந்தது, இரண்டு நாளில் தெரியாத அளவுக்கு மங்கலாக. எந்தக் கழிவு உலோகத்தைக் கலந்து வார்த்தார்களோ தெரியாது. வாழ்நாள் முழுக்க நான் பெருமைப்பட்டது பெட்டியை அளந்ததற்காக.

அவள் வெறும் பெட்டியை நாற்பது நாள் அளந்தாள். நாற்பத்தொன்றாம் நாள், மாதிரியை உள்ளே வைக்குமுன் சாப்பிடப் போனாள். அந்த அறைக்கு என்னிடமும் சாவி உண்டு. காவலாளி எழுந்து வணக்கம் வைத்தார். பையில், துண்டு சுற்றி, பதினோரு கிலோ, இரண்டு மாடி. உள்வரிசையில் ஒரு கட்டியை உருவிவிட்டு என்னுடையதை வைத்தேன். பக்கத்து ஆய்வுக்கூடத்தார் எடுத்துப் போய்விடக் கூடாதென்று பட்டறைக்காரர் என் கட்டிகளின் மூலையில் உளியால் ஒரு புள்ளி குத்தியிருந்தார். புள்ளி வெளியே தெரியாதபடி திருப்பி வைத்தேன்.

கோடு வந்தது. தொலைபேசியில் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். "உங்களப் போய் சந்தேகப்பட்டுட்டேனேப்பா" என்று மன்னிப்புக் கேட்டாள். மன்னித்தேன். உன் பெயரில் மட்டும் வெளியிடு, என் பெயரும் சேர்ந்தால் ஒரு மாதிரி பேசுவார்கள் என்றேன்.

ஒன்றரை வருடத்தில் இரண்டு நாடுகளில் அளந்து பார்த்து, அப்படி ஒரு கோடே இல்லை என்றார்கள். விசாரணைக் குழு அமைத்தார்கள். நீங்கள் அவள் அறையைப் பூட்டி முத்திரை வைத்தீர்கள். பிறகு என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, தேநீரைத் தொடாமல் கேட்டீர்கள்.

"சார், உங்களோடது அந்தக் காலத்துக் கருவி. நேர்மையான பிழை, யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. ஆனா முதல் மூணு தடவ வரலைன்னு அவங்க நோட்டுலயே இருக்கு. நாலாவது தடவ மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?"

அப்பாவுக்காகப் பிள்ளைகள் என்ன வேண்டுமானாலும் செய்வார்கள் என்றேன். மென்மையாகத்தான் சொன்னேன். அந்த வாக்கியத்தை அறிக்கையில் அப்படியே எழுதினீர்கள். மகள் என்றும் பாராமல் உண்மை பேசியவர் என்று என்னைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தீர்கள். மாடிப்படியில் என் படம் இன்னும் இருக்கிறது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட கடைசி நாளன்று அவள் அதைக் கடந்துதான் இறங்கினாள்.

இறங்குவதற்கு முன், முத்திரை நீக்கிய அறையில், தான் கட்டிய பெட்டியைத் தானே பிரித்து அடுக்கியிருக்கிறாள். அன்று பிற்பகல் வீட்டுக்கு வந்தாள். இரண்டு கையாலும் தூக்கிவந்த கட்டியை என் மேசையில் வைத்தாள், புள்ளி மேலே தெரியும்படி. நான் புள்ளியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"முதுகுவலி எப்படிப்பா இருக்கு?"

"பரவாயில்லம்மா."

"கனமா எதையும் தூக்காதீங்க."

அவ்வளவுதான். உங்களிடம் சொல்லிவிடுவாள் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவமனைகளில், கதிர்ப்படம் எடுக்கும் அறைகளின் கதவிடுக்கில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் இருக்கிறாள். கையெழுத்தில் குடும்பப் பெயரை விட்டுவிட்டாளாம். ஆறு வருடமாக இந்த வாசலுக்கு வரவில்லை. குடும்ப கௌரவம் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டியைத் தினமும் துடைத்து வைக்கிறேன்.

ஆகவே, கட்டியை மாற்றியவன் நான். அவள் அளவு சரி. முதல் மூன்று தடவையும் சரி, நாலாவது தடவையும் சரி. பெட்டிக்குள் இருந்ததைத்தான் அவள் அளந்தாள். அவள் பெயர் அவளுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். நாற்பத்தெட்டு வயதுதான் ஆகிறது, அந்தக் கைக்கு இன்னும் வேலை இருக்கிறது. அதற்காகத்தான் எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

இதை உறையிலிட்டு ஒட்டி, மேலே 'என் மறைவுக்குப் பின் பிரிக்கவும்' என்று எழுதி, உங்கள் முகவரியோடு அலமாரியில் வைக்கிறேன். எங்கள் வம்சத்தில் ஆயுள் கெட்டி. அப்பா தொண்ணூற்றாறு வரை இருந்தார். எனக்கு இப்போது எழுபத்தொன்பது. முதுகைத் தவிர வேறு ஒரு குறையும் இல்லை.