காப்பாளர் கையெழுத்து

தலைமை ஏற்றிருக்கும் பள்ளித் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் துணிக்கடை முதலாளி அவர்களே, கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் அக்கம்பக்கத்துக்காரர்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் என் தையலகத்துச் சகோதரிகளே, பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். இந்தத் தையலகத்தில் பதினான்கு வருஷமாகப் பள்ளிச் சீருடைக்குத் துணி வெட்டுகிறேன். கட்டிங் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். மாஸ்டர் என்றால் ஆம்பிளை என்று நினைத்து வந்து என்னிடமே "மாஸ்டர் எங்கே" என்று கேட்டவர்கள் இந்த அறையிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள், காட்டிக் கொடுக்க மாட்டேன். எனக்கு வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத்தான் பேச வரும். யார் மனமாவது புண்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பெரியக்கா போய்விட்டார்! இந்த அறையில்தான், காலை பத்து மணிக்கு, பித்தான் துளை போடும் காஜா மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினோரு நாள் ஆகிறது.

நிறுவனர் பெரியக்கா. தலைவி பெரியக்கா. செயலாளர் பெரியக்கா. பொருளாளரும் பெரியக்கா. எனக்கு முன்னால் பேசியவர்கள் நான்கு பதவியையும் சொல்லி நான்கு முறை புகழ்ந்தார்கள். புகழ வேண்டியவர்தான். கணவனை இழந்த இருபத்திரண்டு பெண்களை வீடு வீடாகப் போய் அழைத்து வந்தது யார்? பெரியக்கா. எங்கள் முப்பத்தொரு பிள்ளைகளையும் பள்ளிக்கூட வாசல்படி ஏற்றியது யார்? பெரியக்கா. மெஷின் மிதிக்கத் தெரியாதவளுக்கும் ஒரு தொழிலைக் கையில் கொடுத்தது யார்? வேறு யார்!

என்னை அழைக்க வந்த நாளைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் இறந்து மூன்று மாதம். வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்கள். பெரியக்கா மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பையிலிருந்து பெரிய கத்தரியை எடுத்து என் மடியில் வைத்தார். "அழுகையை நிறுத்துன்னு நான் சொல்ல மாட்டேன். அழுதுக்கிட்டே வெட்டலாம். துணி நனையாம பாத்துக்க, போதும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. மறுநாளே வேலைக்கு வந்துவிட்டேன்.

பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேராக இங்கேதான் வருவார்கள். வெட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும், மெஷின் சத்தத்தை மீறிப் படிக்க வேண்டும். இது பெரியக்கா போட்ட சட்டம். பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டியது, எங்களுக்குப் பாடம் ஏறியது. பித்தான் தைக்கும் நம் பட்டன் அக்காவுக்குத் தன் பெயரை எழுத வராது. ஆனால் நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள், படம் வரைந்து பாகம் குறிக்காத குறையாகச் சொல்லிவிடுவார். அவர் மகள் பத்தாம் வகுப்புக்கு வந்திருக்கிறாள். இந்தத் தையலகத்திலிருந்து பெரிய பரீட்சை வரைக்கும் வந்த முதல் பிள்ளை அவள்தான்.

இனி நான் பேசப் போவதை இறந்தவரைப் பற்றிப் பேசக் கூடாது என்பார்கள். பேசாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தபோது ஒரு பயம் இருந்தது. புருஷன் வீட்டார் வந்து, எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்லி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். வீண் பயம் இல்லை. இரண்டு பிள்ளைகள் அப்படிப் போயிருக்கிறார்கள். அதற்குப் பெரியக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். என் பிள்ளைக்கு இனி காப்பாளர் இவர்தான், என் உரிமையை இவருக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு தாள் எழுதி, ஒவ்வொரு தாயிடமும் கைரேகை வாங்கினார். பள்ளிப் பதிவேட்டில் முப்பத்தொரு பிள்ளைக்கும் ஒரே காப்பாளர். சித்தப்பன் வந்தான், பெரியப்பன் வந்தான், தாளைக் காட்டினார். வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போனார்கள். எங்களுக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை!

அதன்பிறகு எந்தத் தாள் வந்தாலும் யார் கையெழுத்துப் போட்டார்? பெரியக்கா போட்டார். மதிப்பெண் அட்டை வரும் நாளில் முக்காலியைப் போட்டு ராணி மாதிரி உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொரு பிள்ளையாக வந்து நிற்கும். ஒரு திட்டு, ஒரு கையெழுத்து. பெற்றவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கையெழுத்து அவருக்குப் பிடித்திருந்தது, சகோதரிகளே. ரொம்பப் பிடித்திருந்தது. எங்களுக்கும் அது வசதியாக இருந்தது. பேனா பிடிக்க நாங்கள் யாரும் அவசரப்படவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு தடவை கேட்டேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பழைய மிரட்டல் எல்லாம் ஓய்ந்துவிட்டது, பதிவேட்டில் அவரவர் தாய் பேருக்கு மாற்றிவிடலாமே என்று. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏண்டி, நான் என்ன நாளைக்கேவா சாகப் போறேன்?" அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரிக்காமல் சண்டை போட்டிருக்க வேண்டும். எதற்கெல்லாமோ சண்டை போட்டவள், கழுத்துப்பட்டி அரை விரல் கூடிவிட்டதற்கு மூன்று நாள் பேசாமல் இருந்தவள், இதற்குப் போடவில்லையே!

பரீட்சை விண்ணப்பத்துக்கு நாளைதான் கடைசி நாள். காப்பாளர் கையெழுத்து வேண்டும். காப்பாளர் இறந்துவிட்டார். திங்கட்கிழமை பட்டன் அக்காவும் நானும் பள்ளிக்குப் போனோம். பெற்றவள் போடட்டும் என்றோம். தலைமையாசிரியர் ஐயா பதிவேட்டையும் அந்தத் தாளையும் எடுத்து எங்களுக்கே படித்துக் காட்டினார். தாய் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார். காப்பாளர் இல்லையென்றால் அடுத்தது தகப்பன் வழிச் சொந்தம். இல்லையென்றால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அதற்கு மாதக்கணக்காகும். விதி அப்படி இருக்கிறது, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டார். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

ஐயா, சற்று முன்பு இதே இடத்தில் நின்று, ஈடு செய்ய முடியாத இழப்பு என்று சொன்னீர்கள். இதோ பட்டன் அக்கா. இதோ என் கையில் பேனா. இந்த இழப்பில் ஒரே ஒரு கையெழுத்தை மட்டும் ஈடு செய்ய உங்களால் முடியாதா? ஐயா தலையை ஆட்டுகிறார். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால் நான் சொல்கிறேன், முடியாது என்றுதான் ஆட்டுகிறார். தப்பாக நினைக்கவில்லை ஐயா. கைரேகை வாங்கியது நீங்கள் இல்லை.

தகப்பன் வழிச் சொந்தம் என்றால் அந்தப் பிள்ளைக்குப் பெரியப்பன் ஒருவர் இருக்கிறார். தன் சொந்த மகளைப் பதினாறு வயதில் கட்டிக்கொடுத்தவர். செவ்வாய்க்கிழமை பட்டன் அக்கா அவரிடம் போய் நின்றார். எந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்று இந்த அறைக்கு வந்தாரோ, அதே வீட்டுக்கு. அவர் உடனே ஒத்துக்கொண்டார். "கையெழுத்துதானே, போடறேன். ரெண்டு பேரும் இங்கேயே வந்து இருங்க. எது வரைக்கும் படிக்கணும்னு நான் பாத்துக்கறேன்" என்றாராம். இன்று நான்கு மணி பஸ்ஸில் தாயும் மகளும் போகிறார்கள். மிச்சம் முப்பது பிள்ளைகள். அவர்களுக்கும் ஒவ்வொரு தாளாக வரும். அப்போது அந்தத் தாய்மார்கள் எந்த பஸ்ஸில் ஏறுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

இரங்கல் கூட்டம் என்றால் கடைசியில் ஒரு உறுதி எடுக்க வேண்டும், அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று. எதைத் தொடர்வது? துணிக்கடை முதலாளி தந்த வேலையில் அறுபது சட்டை பாக்கி இருக்கிறது, அதைத் தைத்து முடிப்போம். மெஷின்களும் இந்த அறையும் அவர் பேரில்தான் இருக்கின்றன, அதற்குமேல் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். இனி எந்தப் பெண்ணுக்காகவும் எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேண்டுமானால் அவள் விரலைப் பிடித்து எழுதப் பழக்குவேன். அது இப்போது எதற்கும் உதவாது என்பதும் எனக்குத் தெரியும்.

பெரியக்கா, உங்களை நான் திட்டிவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் இரண்டு மடங்காகத் திருப்பித் திட்டியிருப்பீர்கள். அதைக் கேட்கத்தான் எனக்கு ஆசையாக இருக்கிறது.

கடைசியாக ஒரு வார்த்தை. பட்டன் அக்கா மகளே, எழுந்து நிற்க வேண்டாம், அப்படியே உட்கார்ந்து கேள். இன்று காலை என்னிடம் வந்து, "பெரியப்பா என்னைப் பரீட்சை எழுத விடுவாரா பெரியம்மா?" என்று கேட்டாய். விடுவார் என்று சொன்னேன். எனக்குத் தெரியாது, மகளே. உன் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். உன்னைப் போகாதே என்று சொல்ல இந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்திக்கும் உரிமை இல்லை. உன்னைப் பெற்றவளுக்கும் இல்லை.